மேலாளும் ஐந்தொகையும்

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்குக் கடன் பெற்றுத் தர இன்று வங்கிகளும் அரசாங்கத் திட்டங்களும் பல உள்ளன. ஆனால் பெற்ற பணத்தை அன்றாடம் கணக்கில் நிறுத்துவது எப்படி, வேலைக்கு வைத்த ஆளைப் பழக்குவதும் நம்புவதும் அவனுக்கு ஊதியம் வகுப்பதும் எப்படி என்னும் இரு வித்தைகளையும் அவருக்குப் போதிப்பதற்கு, சில நாட் பயிற்சி வகுப்புகளைத் தவிர, ஏற்பாடு அநேகமாக இல்லை. இவ்விரண்டையும் பிரிக்காமல் ஒரே கல்வியாகக் கடையிலேயே கற்பித்த சம்பிரதாயம் ஒன்று நம்மிடையே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், செட்டிநாட்டு நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய தேசங்களில் நடத்திய லேவாதேவிக் கடைகளின் நிர்வாக முறையே அது. அதைப் போற்றுவோர் முழுவதும் போற்றுவதும், பழிப்போர் வட்டிக் கடை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் வழக்கமாகிவிட்டபடியால், அதனுள் இருக்கும் அரிய சரக்கும் கடுமையான ஊனமும் ஒருங்கே மறைந்துகிடக்கின்றன.

மீசை அரும்பாத பருவத்திலேயே பெட்டியடிப் பையனாகக் கடையில் நுழைந்தவன், பெருக்குவது, பணம் எண்ணுவது, சிட்டை எழுதுவது எனத் தொடங்கி, குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பற்று வரவைப் பெயர்க்கவும், வட்டியை மனக்கணக்கில் காணவும், கடன் கேட்டு வந்தவனின் முகத்தையும் சொல்லையும் எடைபோடவும் பழகி, துணையாளான அடுத்தாளாக உயர்ந்து, தகுதியும் நாணயமும் நிரூபணமான பின்னரே கடையின் தலைமை முகவரான மேலாளாகப் பொறுப்பேற்றான். மேலாள் என்பவன் கடல் கடந்த ஊரில் முதலாளியின் சர்வாதிகாரம் பெற்ற பிரதிநிதி. கடன் கொடுப்பதோ மறுப்பதோ அவன் தீர்மானம். தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குச் சென்றுவிடும். தவணை முடிந்து, கடையின் சொத்தையும் கடனையும் திரட்டிக் காட்டும் ஐந்தொகை எடுத்து, அடுத்து வரும் மேலாளிடம் ஒவ்வொரு கணக்காக ஒப்புவித்து ஊர் திரும்பிய பிறகு, இலாபத்தைப் பார்த்துத் தனியாக ஒரு தொகை அவனுக்குக் கிடைக்கும்.

இந்த ஒப்படைப்பையே இம்முறையின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். தணிக்கையாளர் எவரும் காணமுடியாத குறையைப் புதிய மேலாள் கண்டுபிடித்துவிடுவான். ஏனெனில் எந்தக் கணக்கை இன்று நல்ல கணக்கென்று அவன் ஏற்றுக்கொள்கிறானோ, அந்தக் கணக்கை வசூலிக்கும் பாரம் நாளை முதல் அவன் தலையில் விழுகிறது. நம்முடைய சிறு நிறுவனங்களில் கணக்கர் ஒருவர் திடீரென விலகிச் சென்றால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதே பல நாட்களுக்குத் தெளிவில்லாமல் முதலாளி தவிக்கும் நிலையோடு இதை ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே சட்டைப்பையிலிருந்து போகும் இன்றைய வழக்கத்துக்கும் அங்கே இடமில்லை. கடையில் உண்ட சோற்றுக்குக்கூடச் செலவுக் கணக்கு இருந்தது.

குறைகளுக்கு வருவோம். தவணை இறுதியில் தரும் தொகை பெரிதும் முதலாளியின் திருப்தியைப் பொறுத்திருந்தபடியால், உழைத்தவனுக்கு அது உரிமையாக இல்லாமல் தயவாகவே நின்றது. மூன்று ஆண்டுகள் மனைவி மக்களைப் பிரிந்திருப்பதே வேலையின் நிபந்தனையாக இருந்தது. அந்தப் பிரிவின் விலை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பெண்களின் பணம் கடைகளில் வைப்பாக இருந்தும், கடல் கடந்த கடையின் பெட்டியடியில் பெண்ணுக்கு இடமில்லை. நம்பிக்கைக்கு ஆதாரம் ஜாதியும் உறவும் ஆகையால், தவறு செய்தவன் கோயிலிலும் கலியாணத்திலும் தலைகுனிய நேரும் என்ற அச்சம் பத்திரத்தைவிடப் பலமான காவலாயிற்று. ஆனால் அதே காரணத்தால், எவ்வளவு சமர்த்தனாயினும் வெளியான் ஒருவன் மேலாளாவது அபூர்வம்.

ஆயினும் இவற்றைக் காட்டிலும் ஆழமான பிழை பணத்தை வைத்த இடத்தில் இருந்தது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயிக்கும் அளவுக்கு ஒழுங்கு கொண்டிருந்த ஒரு சமூகம், தன் செல்வத்தின் பெரும் பகுதியை ஒரே தேசத்தில், ஒரே பயிரில், நெல்லை விளைவிக்கும் நிலத்தின் ஈட்டின்மேல் நிறுத்தியிருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய பர்மா மாகாண வங்கி விசாரணை அங்கே ஈடுபட்டிருந்த நகரத்தார் பணத்தை ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலமே கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1938இல் சுமார் 25 சதவீதமாயிற்று. விரும்பிச் சேர்த்த சொத்தன்று அது. விற்க முடியாத பாரம். நிலத்தை இழந்த பர்மிய உழவனின் துயரமும் கோபமும் நியாயமானவை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் வந்த நில தேசியமயச் சட்டமும் மிச்சத்தையும் கொண்டுபோயின. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இலாபம் பார்க்கும் கண்ணுக்கு, முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்துவரும் ஆபத்து தென்படாது. ஒவ்வொரு கடையின் ஐந்தொகையும் சரியாக இருந்தது. எல்லாக் கடைகளும் ஒரே விலையை நம்பியிருக்கின்றன என்பதை எழுத எந்த ஐந்தொகையிலும் பத்தி இல்லை. ஒரே பெரிய ஆலைக்கு மட்டும் உதிரிபாகம் செய்து தரும் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரரும், ஒரே ஏற்றுமதியாளரை நம்பித் தைக்கும் திருப்பூர்க்காரரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆகவே இம்முறையிலிருந்து எடுக்கத்தக்கது ஜாதிக் காவலன்று. பழகுநர் முறையும் ஒப்படைப்பும் இலாபப் பங்கும் ஆகும். இலாபப் பங்கை இன்ன விகிதம் என்று முன்கூட்டியே எழுத்தில் நிறுத்திவிட்டால், உறவு செய்த வேலையில் பெரும்பகுதியை ஒப்பந்தம் செய்யும். அரசாங்கத் திட்டங்கள் இயந்திரத்துக்குத் தரும் மானியத்தில் சிறு பகுதியையாவது ஒதுக்கி, விண்ணப்பிக்கும் இளைஞரை ஒரு வருஷம் நடப்பிலுள்ள கடையொன்றில் கணக்கெழுத வைத்து, அக்காலத்துக்கு ஊதியம் அளிக்கலாம். தன்னிடம் தொழில் கற்றவனே நாளை போட்டியாளனாவான் என்று இன்றைய முதலாளி அஞ்சுவது இயல்பு. நகரத்தார் முதலாளிகளுக்கும் அது தெரியும்; இரண்டு மூன்று தவணை முடித்த மேலாள் தனிக்கடை போடுவது வழக்கமாகவே இருந்தது. அப்படியிருந்தும் அடுத்த கப்பலில் புதிய பெட்டியடிப் பையன்களை அவர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.