வியர்த்த கை

பெர்ல் பக் அம்மையாரின் நாவல்களைப் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. 1950-ல் அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்தவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். 'என்றும் வளராத குழந்தை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மனவளர்ச்சி குன்றிய தம் மகளைப் பற்றி எழுதியது. முதலில் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் வெளிவந்து, அதே வருஷம் புத்தகமாயிற்று. நோபல் பரிசு பெற்றவரின் நாவல்களுக்குப் பக்கத்தில் இதை வைக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இதில் ஒரு பக்கம் இருக்கிறது. அதற்காக அவருடைய தடித்த நாவல்களில் மூன்று நான்கை நான் தாராளமாக விட்டுக் கொடுப்பேன்.

விஷயம் இதுதான். மகளுக்கு எப்படியாவது எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று விடாப்பிடியாக இருக்கிறார் தாய். குழந்தையும் ஏதோ கொஞ்சம் கற்றுக்கொள்கிறது. ஒருநாள், எழுதுவதற்கு உதவலாம் என்று குழந்தையின் வலக் கையைப் பிடிக்கிறார். கை வியர்வையில் நனைந்திருக்கிறது. மற்றக் கையையும் விரித்துப் பார்க்கிறார். அதுவும் அப்படியே. எதற்காக இதெல்லாம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பிடிக்கிறது, அதற்காகத் தன் சக்தியை எல்லாம் திரட்டி எழுதிக்கொண்டிருக்கிறது. தாய் புத்தகங்களை எடுத்து வைத்துவிடுகிறார்.

நம்மில் யாராவது எழுதியிருந்தால் குழந்தையின் கண்ணில் நீரைத் ததும்ப விட்டிருப்போம். அம்மையார் வியர்வையோடு நிறுத்திக்கொள்கிறார். கற்பனைக்கு இந்த வியர்வை தோன்றாது. கையைப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என்னுடைய தகராறெல்லாம் அதற்கப்பால் வரும் பக்கங்களோடுதான். இனிப் படிப்பு வேண்டாம், குழந்தை சந்தோஷமாக இருந்தால் போதும் என்று தீர்மானித்து, அந்தச் சந்தோஷத்துக்கு ஓர் இடம் தேடுகிறார். 1929-ல் நியூஜெர்ஸி மாகாணத்தில், வைன்லண்ட் என்ற ஊரிலுள்ள ஒரு விடுதியில் மகளைச் சேர்க்கிறார். அதற்குப் பணம் வேண்டியிருந்தது, கடன் வாங்கினார், எழுதினார். 1931-ல் 'குட் எர்த்' வெளிவந்தது. அந்த நாவலிலும் பேச்சு வராத, புத்தி வளராத ஒரு பெண் உண்டு. தனக்குப் பிறகு அவளை யார் பார்ப்பார்கள் என்று தவித்த தகப்பன் வாங் லுங், தான் செத்த பிறகு அவளுக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஒரு விஷப் பொட்டலத்தை இளைய மனைவியிடம் தருகிறான். அவள் அது மாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள்.

'எனக்குப் பிறகு யார்?' நாவலிலும் இந்தக் கேள்விதான், சுயசரிதையிலும் இந்தக் கேள்விதான். இது வீட்டுக்குள் கேட்கிற கேள்வி. பதிலும் வீட்டுக்குள்ளேயே கிடைக்க வேண்டும்: ஒரு நல்ல மனசு, அல்லது கையில் காசு. சர்க்கார் என்று ஒன்று இருப்பதும், அது ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் நடத்துவதும் இந்தத் துயரத்தின் நடுவில் யாருக்கும் உறைப்பதில்லை. அம்மையாரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அவரைப் போன்ற புகழ் பெற்ற ஒருவர் அச்சில் சொன்னதே அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

ஆனால் அவர் குடியிருந்த பென்ஸில்வேனியா மாகாணத்தின் பள்ளிச் சட்டத்தைப் பாருங்கள். ஐந்து வயசுக் குழந்தையின் புத்தி வளராத பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ள மறுக்கலாம். படிப்பால் பயன் பெறாது என்று சான்று கிடைத்தால் வெளியே அனுப்பியும் விடலாம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் 1949-லேயே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1968-ல் பென்ஹர்ஸ்ட் என்ற மாகாண விடுதியின் அவலத்தைத் தொலைக்காட்சி ஊருக்கெல்லாம் காட்டிற்று. 1971 ஜனவரியில் சங்கம் மாகாணத்தின் மீதே வழக்குப் போட்டது. நிபுணர்களின் சாட்சியம் ஒருநாள் கேட்டதுமே சர்க்கார் தரப்பு சமரசத்துக்கு இறங்கிவிட்டது. 1971 அக்டோபரில் உடன்பாடு. 1972-ல் கோர்ட்டின் முடிவான உத்தரவு. ஆறு வயசிலிருந்து இருபத்தொன்று வரை எந்தப் பிள்ளைக்கும் இலவசப் படிப்பு உண்டு. பிள்ளையை இடம் மாற்றுவதானாலும் மறுப்பதானாலும் முன்கூட்டியே பெற்றோருக்கு அறிவித்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்போது அம்மையார் உயிரோடுதான் இருந்தார். 1973-ல் காலமானார்.

சட்டம் படித்தவனல்ல நான். ஆனால் வார்த்தையோடு புழங்குகிறவன். அந்த வழக்கில் ஒரு வார்த்தைக்கு நடந்த சண்டை என்னை இழுக்கிறது. 'படிப்பு' என்றால் என்ன? எழுத்தும் கணக்கும்தான் என்றால் சட்டம் சொன்னது சரி. வியர்த்த கையைப் பார்த்துப் புத்தகத்தை மூடிய தாயும் சரி. மனவளர்ச்சி குன்றியவர்கள் எல்லாருமே ஏதோ ஓர் அளவு கல்வியாலும் பயிற்சியாலும் பயன் பெறக் கூடியவர்கள், பெரும்பாலோர் தம் காலில் நிற்கலாம், மற்றவர்களும் தம் உடம்பையாவது ஓரளவு தாமே பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. அதாவது, தன் கையால் சாப்பிடுவதும் பொத்தான் மாட்டுவதும்கூடப் படிப்பில் சேர்த்தி. அம்மையார் அன்று குழந்தையின் கையில் கண்டது தப்பான பாடத்தை. படிப்பே வேண்டாமென்று அந்தக் கை சொல்லவில்லை.

இந்தச் சங்கத்துப் பெற்றோர்களைக் கதைக்காரர்களுக்குப் பிடிக்காது. தீர்மானம் போடுகிறவனும் மனு எழுதுகிறவளும் கதைக்கு ருசிப்பதில்லை. தனியாக அழுகிறவள்தான் வேண்டும். அழுகையை நன்றாக எழுதிவிடலாம். மனுவை நகல் எடுக்கும்போது ஓடுகிற மனசை எழுதுவது கஷ்டம்.

அவர்கள் ஜயித்ததும் முழு ஜயமல்ல. 1975-ல் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது. எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படி இருக்கிறார்கள், அவர்களில் பத்து லட்சம் பேருக்குப் பள்ளிக்கூட வாசலே கிடையாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கூடுதல் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை மத்திய சர்க்கார் தரும் என்றார்கள். ஒரு வருஷம்கூட அந்த அளவு தந்ததில்லை. பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்று தீர்மானிக்கும் மேஜையில் பெற்றோருக்கும் நாற்காலி போட்டார்கள், நல்லதுதான். ஆனால் வக்கீல் வைக்க வசதியுள்ளவன் உட்காருவதும், பேசத் தெரியாத கூலிக்காரி உட்காருவதும் ஒன்றாகிவிடுமா? இந்தக் காட்சியை ஒரு நாவலில் படிக்க எனக்கு ஆசை.

1992-ல் அம்மையாரின் புத்தகம் மறுபடி அச்சாயிற்று. அந்த வருஷமே மகளும் எழுபத்திரண்டாவது வயசில், வைன்லண்டிலேயே காலமானாள். பதிப்பின் பின்னுரை அம்மையாரின் வளர்ப்பு மகள் எழுதியது. தாய்க்குப் பிறகு அக்காளுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். புத்தகம் கிடைக்கிறவர்கள் அதை முதலில் படித்துவிட்டுத் தொடங்கலாம். ஒன்றும் கெட்டுவிடாது.