காணாமல் போனவரின் சட்டைத்துணி

சிலி நாட்டு அர்பியேரா என்ற துணிப்படத்தைத் தள்ளி நின்று பார்த்தால் ஏமாந்துபோவோம். பின்னால் ஆண்டீஸ் மலை, மேலே மஞ்சள் சூரியன், அடிவாரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், தெருவில் துணிப்பொம்மை மனிதர்கள். குழந்தைகள் அறையில் மாட்டிவைக்கலாம் என்று தோன்றும். முகத்தருகே கொண்டுவந்தால்தான் தெருமுனையில் நிற்பது போலீஸ் வண்டி என்று தெரியும். வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பவள் ஒரு தாய் என்று தெரியும். அந்த ஏமாற்றில் இருக்கிறது இந்தக் கைவேலையின் சாமர்த்தியம்.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தளபதி பினோசே 1990 வரை ஆண்டார். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கேட்டால் அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்பார்கள். செத்தவர்களுக்கு அழலாம், காரியம் செய்யலாம், வருஷா வருஷம் திதி கொடுக்கலாம். காணாமல் போனவருக்கு என்ன செய்வது? சிறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிணவறைக்கும் அலைந்து களைத்த சாந்தியாகோ நகரத்துத் தாய்மாரும் மனைவிமாரும் சகோதரிகளும் 1974 முதல் தேவாலயங்கள் ஆதரவில் கூடி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்கள். கர்தினால் சில்வா என்ரிக்கேஸ் 1976இல் தொடங்கிய மனித உரிமை அலுவலகம் பிறகு இந்தத் தையல் கூடங்களைத் தாங்கிப் பிடித்தது.

பெரும்பாலோர் தையற்கலைஞர்கள் அல்லர். கிழிந்ததைத் தைக்கவும் பொத்தான் வைக்கவும் தெரிந்த குடும்பப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு வழி போடப்பட்டிருந்தது. நாட்டுப்புறப் பாடகி வியோலெத்தா பார்ரா, நோயாகப் படுக்கையில் கிடந்த காலத்தில் சாக்குத் துணியில் கம்பளி நூலால் பூவேலை செய்யத் தொடங்கி, 1964இல் பாரிஸின் லூவர் மாளிகையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலேயே கண்காட்சி வைத்தவர். அடித்தளம் அதே சாக்கு. ஆனால் பார்ராவிடம் நூல் ஓடும். இந்தப் பெண்களிடம் துணிமேல் துணி ஏறும். நம் ஊர்த் தேரில் தொங்கும் தொம்பைகளில் செய்வதுபோல, வெட்டிய துண்டுகளை அடுக்கி விளிம்பு பிடித்துத் தைக்கும் வேலை. மலைக்கு ஒரு துண்டு, வானத்துக்கு ஒரு துண்டு, வீட்டுக் கூரைக்கு ஒன்று. ஆட்கள் மட்டும் தட்டையாக இருக்கமாட்டார்கள். பஞ்சடைத்த குட்டித் தலை, கம்பளி நூல் முடி, இரண்டு தையலில் கண். துணியிலிருந்து எழுந்து நம் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பார்கள். மலையும் தெருவும் படமாகவே இருக்க, மனிதர்கள் மட்டும் ஆளாக நிற்பது எனக்கு இந்தக் கலையின் ஆகச் சிறந்த யோசனையாகப் படுகிறது.

துணி எங்கிருந்து வந்தது? தானமாக வந்த கந்தல்கள், சொந்தப் பாவாடைகள். சில வேளை, போனவருடைய உடுப்பே. எத்தனையோ தடவை துவைத்து மென்மையாகிப்போன கட்டம் போட்ட சட்டையில் ஒரு துண்டு வெட்டி அவரைப்போல ஒரு பொம்மைக்கு உடுத்துவது. வெட்டும்முன் அந்தக் கத்திரிக்கோல் எவ்வளவு நேரம் கையில் சும்மா இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அந்தச் சட்டையை அந்துப்பூச்சிதான் தின்றிருக்கும். சாக்கில் ஏறியதால் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னது.

என்னவெல்லாம் தைத்தார்கள் என்று பார்த்தால் ஒரு நாட்டின் தினசரியைப் புரட்டுவது போலிருக்கும். தண்ணீர் நிறுத்தப்பட்ட குடியிருப்பு, தெருவில் எல்லோருக்குமாக ஏற்றிய பொதுச்சட்டி, நாடாளுமன்றக் கட்டடத்தின் கம்பிக் கதவில் தங்களையே சங்கிலியால் பிணைத்துக்கொண்ட பெண்கள். 1978 இறுதியில் லோன்கேன் என்ற இடத்துச் சுண்ணாம்புச் சூளைகளில் 15 ஆண்களின் எலும்புகள் அகப்பட்டன. சூளைகள் அப்படியே துணியில் ஏறின. குவேக்கா என்பது சிலியின் ஜோடி நடனம்; ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஆடுவது. 1978 மார்ச் 8 அன்று இந்தப் பெண்கள் ஜோடியில்லாமல் மேடையேறி ஆடினார்கள். அதையும் தைத்தார்கள். வெள்ளை மேற்சட்டை, கறுப்புப் பாவாடை, மார்பில் காணாமல் போனவரின் படம், கையில் கைக்குட்டை. எதிரே ஒருவரும் இல்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடும் துணிச்சல், பயிற்சி பெற்ற ஓவியர்களுக்கே எளிதில் வராது.

பணத்தைப் பற்றிப் பேசக் கலை ரசிகர்கள் கூச்சப்படுவார்கள். பேசத்தான் வேண்டும். வீட்டில் சம்பாதித்தவரைத்தானே பிடித்துக்கொண்டு போனார்கள். தைத்து முடித்ததைக் கூடத்தில் எல்லோரும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், அலுவலகம் வாங்கிக்கொள்ளும், நாடு கடத்தப்பட்டவர்கள், ஆதரவாளர்கள் வழியாக ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விற்கும். அந்தக் காசில் உலை கொதித்தது. துக்கத்தை ஆற்றியது தையலா, கூட உட்கார்ந்த பெண்களா, வாரக் கடைசியில் கைக்கு வந்த காசா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரிக்க வேண்டியதும் இல்லை. பயத்தால் பெயர் போடமாட்டார்கள். பதிலுக்குச் சிலவற்றின் பின்பக்கம் சின்னப் பை ஒன்று தைத்து, நடந்ததை ஒரு சீட்டில் எழுதிச் செருகியிருப்பார்கள். அரசு சார்புப் பத்திரிகைகளோ, நாட்டுக்கு அவதூறு என்று இவற்றைத் திட்டின. கந்தல் துணியைக் கண்டு அரசு நடுங்கியது என்றால், வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது.

எல்லா அர்பியேராவும் நல்ல அர்பியேரா அல்ல. பிற்காலத்தில் சுற்றுலாக் கடைகளுக்காகத் தைத்தவற்றில் தையல் நேராக இருக்கிறது, நிறம் பொருந்துகிறது, லாமா மேய்கிறது, அறுவடை நடக்கிறது. பிழைப்புக்குச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை தபால் அட்டைகள். எழுபதுகளின் துணிகளில் மலை கோணலாக இருக்கும், நூல் கண்டபடி பாயும். அந்தக் கோணலுக்குத்தான் என் ஓட்டு.

சாந்தியாகோவில் ஊசி ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், வடக்கே அத்தகாமா பாலைவனத்தில் வேறு சில பெண்கள் மண்வெட்டியோடு நடந்துகொண்டிருந்தார்கள். கலாமா நகரில் 1973 அக்டோபர் 19 அன்று 26 ஆண்களைக் கொன்று எங்கோ புதைத்துவிட்டார்கள். உலகிலேயே மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றில், மனைவிமாரும் சகோதரிகளும் தங்கள் செலவில், தங்கள் காலால் தேடினார்கள். 17 ஆண்டுகள் கழித்து, 1990இல் ஒரு குழி அகப்பட்டது. உடல்கள் இல்லை. ராணுவம் முன்பே தோண்டி வேறிடம் கொண்டுபோனதில் சிந்திய எலும்புத் துணுக்குகள்தான் மிச்சம். பத்ரீசியோ குஸ்மான் 2010இல் எடுத்த ஆவணப்படத்தில், விண்மீன்களைத் தேடும் தொலைநோக்கிகளுக்குக் கீழே இந்தப் பெண்கள் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அதே 2010இல் அதே அத்தகாமாவில், கொப்பியாப்போ அருகே ஒரு சுரங்கம் இடிந்து 33 தொழிலாளர்கள் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கினார்கள். 69 நாள் கழித்து ஒவ்வொருவராக மேலே தூக்கினார்கள். அரசும் நன்கொடையாளர்களும் சேர்ந்து சுமார் 2 கோடி டாலர் செலவழித்ததாகக் கணக்கு. செலவழித்தது முற்றிலும் சரி. ஒரு டாலர்கூட வீண் இல்லை. பாலைவனத்தில் தொலைந்தவரைத் தேடும் செலவு யாருடையது என்ற கேள்விக்கு ஒரு நாடு அன்று மிகத் தெளிவாகப் பதில் சொன்னது. அதே மண்ணில் மண்வெட்டியோடு நடந்தவர்களுக்கு அந்தப் பதில் அதுவரை கிடைத்திருக்கவில்லை. சாந்தியாகோ பெண்கள் சாக்கில் திரும்பத் திரும்பத் தைத்த வாசகமும் ‘எங்கே அவர்கள்?’ என்பதுதான்.

2010 ஜனவரியில் சாந்தியாகோவில் திறக்கப்பட்ட, நினைவுக்கும் மனித உரிமைகளுக்குமான அருங்காட்சியகத்தில் இன்று இந்தத் துணிகள் இருக்கின்றன. காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பை அரசே ஏற்கும் தேசியத் திட்டத்தை அதிபர் கப்ரியேல் போரிக் 2023 ஆகஸ்ட் 30 அன்று அறிவித்தார். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து ஏறக்குறைய 50 ஆண்டுகள். காணாமல் ஆக்கப்பட்ட 1,469 பேரில் அதுவரை 307 பேரை மட்டுமே கண்டுபிடித்து அடையாளம் கண்டிருந்தார்கள்.