முடிவு வராத மனு

எனக்கு ஊர் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் குடைந்த கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் வரலாறு எனக்கு அதோடு முடிந்துபோயிருந்தது.

பாண்டிச்சேரியில் இன்ஜினியரிங் படித்தபோது சென்னை போகும் ஈசிஆர் பஸ்ஸில் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ வாசித்தேன். பஸ் கீழ்ப்புத்துப்பட்டைத் தாண்டிப் போனது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது எனக்குத் தெரியாது. பிரான்ஸில் இருக்கும் அகதியைத் தெரிந்திருந்தது, சொந்த மாவட்டத்து அகதியைத் தெரியவில்லை. ஏன் என்பதற்கு இலக்கியத்திலும் ஒரு பதில் இருக்கிறது.

‘கொரில்லா’ புகலிட மனுவில் தொடங்குகிறது. மனு போடுபவர் கதை சொல்லியாக வேண்டும். எங்கே பிடித்தார்கள், எப்படி அடித்தார்கள், ஏன் திரும்ப முடியாது என்று அதிகாரி நம்பும்படி சொல்ல வேண்டும். அந்த நெருக்கடியே நாவலுக்கு வேகம் தருகிறது. நிராகரித்தால் மேல்முறையீடு. எங்கள் வேலை பாஷையில் சொன்னால், என்றாவது ஸ்டேட்டஸ் மாறும்.

தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ தமிழக முகாம்களில் வாழ்ந்தவரின் தன்வரலாறு. முதல் வாசிப்பில், உச்சமே இல்லாமல் சம்பவங்களை அடுக்குகிறாரே என்று அலுத்துக்கொண்டேன். அது என் தப்பு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. பதிவு உண்டு, கணக்கெடுப்பு உண்டு, மாதாமாதம் பணக்கொடை உண்டு. கதையைக் கேட்டு முடிவு சொல்லத்தான் ஆள் இல்லை. அப்புறம் உச்சம் எங்கிருந்து வரும்? அந்த அலுப்புதான் புத்தகத்தின் உண்மை.

1983 முதல் 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர், முகாம்களில் இன்னும் 58,822 பேர் என்று 2021-இல் தமிழக அரசு சொன்னது. அந்த ஆண்டே அகதிகள் முகாம், ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. பெயர்தான் மாறியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் குடிமகன் என்பது சட்டம். அதற்குப் பிறகு அதே முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த வழி கிடையாது. பார்க்காத இலங்கைக்கு அவர் அந்நியர், பிறந்த இந்தியாவுக்கும் அந்நியர்.

அவர் எழுதும் புத்தகத்தைப் ‘புலம்பெயர் இலக்கியம்’ என்ற அலமாரியில் வைப்போமா? அவர் எங்கிருந்தும் புலம்பெயரவில்லையே. அந்த அலமாரியில் பாரிஸும் டொராண்டோவும் நிறைந்திருக்கின்றன. கீழ்ப்புத்துப்பட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பத்திநாதனிலிருந்து தொடங்குங்கள். அலுத்தால் மூடிவிடாதீர்கள்.