கணக்குத் தெரிந்த கயவன்

ஊருக்குக் கூடாரக் காட்சி வந்திருக்கிறது. அதைக் காணத் துடிக்கிறான் லஸ்டர் என்னும் கறுப்பினச் சிறுவன், கையிலே காசில்லை. வீட்டு எசமானிடமோ இரண்டு இலவசச் சீட்டுகள். அவன் காட்சிக்குப் போகப் போவதுமில்லை. கொடுத்தானா? 5 சென்ட் கொடு, தருகிறேன் என்றான். இல்லையே என்று ஏங்கினான் சிறுவன். அவன் கண்ணெதிரிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு சீட்டுகளையும் அடுப்பிலிட்டுப் பொசுக்கினான் எசமான்!

அவன்தான் ஜேசன் காம்ப்சன். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1929-இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி’ என்னும் புதினத்திலே, தந்தை மறைந்தபின் குடும்பத் தலைமை ஏற்றவன். மிசிசிப்பி மாநிலத்துப் பழம்பெரும் பண்ணைக் குடும்பம் அது. அடிமைகளை வைத்து ஆண்ட பரம்பரை. நிலம் போயிற்று, நிமிர்வு போயிற்று, எஞ்சியது நெஞ்சிலேறிய நஞ்சு மட்டுமே!

நால்வகைப் பகுதிகள் கொண்ட இந்நூலின் மூன்றாம் பகுதியை, 1928 ஏப்ரல் 6-ஆம் நாள் நிகழ்ச்சிகளை, ஜேசனே பேசுகிறான். சுறுசுறுப்பான பேச்சு, சுருக்கென்ற கிண்டல். படிக்கும்போது நாமும் பல இடங்களில் சிரித்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்? சிரித்தபின் வெட்கினோம். அந்தச் சிரிப்பிலேதான் ஆபத்து இருக்கிறது.

ஏனெனில், ஜேசன் தன்னை ஒரு அறிவாளி என்றே அறிமுகப்படுத்திக் கொள்கிறான். பாதிரியாரைப் பரிகசிக்கிறான், பழம்பெருமையை இகழ்கிறான், எதற்கும் கணக்குக் கேட்கிறான். பிற்சேர்க்கை ஒன்றிலே ஃபாக்னரே, காம்ப்சன்களில் சித்தம் தெளிந்தவன் இவன் என்னும் பொருள்பட, குத்தலாகக் குறிப்பிடுகிறார். பகுத்தறிவைப் போற்றும் நாம் இங்கே நின்று கேட்க வேண்டும்: இவன் நம் வரிசையில் நிற்கத் தக்கவனா?

இல்லை! அவன் கணக்கைச் சற்றே புரட்டிப் பாருங்கள். தமக்கை காண்டஸ், தன் மகள் குவென்டினுக்காகத் திங்கள்தோறும் பணம் அனுப்புகிறாள். களங்கப்பட்ட மகளின் காசு வேண்டாமெனத் தாய் காசோலையை எரிக்கிறாள். எரிவதோ போலிக் காசோலை! உண்மைக் காசோலை ஜேசனின் பெட்டிக்குப் போகிறது. 50 டாலர் வந்தால், தொகையைப் பார்க்க விடாமல் கையொப்பம் வாங்கிக்கொண்டு, 10 டாலரை நீட்டுகிறான். பெற்ற பிள்ளையைக் காண 100 டாலர் கொடுத்த தாய்க்கு, ஓடும் வண்டியின் சன்னலிலே குழந்தையை ஒரு கணம் தூக்கிக் காட்டிவிட்டுப் பறந்தவன் அவன்!

அவன் ‘அறிவு’ எதை நம்புகிறது? பிறப்பை! இரத்தத்தை! தாய் கெட்டவள், மகளும் கெடுவாள், கறுப்பர் சோம்பேறிகள், பருத்திச் சூதாட்டத்தில் தான் இழந்தால், குற்றம் நியூயார்க் யூதர்களுடையது. தனிப்பட்ட யூதர் எவர்மீதும் பகையில்லையாம், இனத்தின் மீதுதானாம்! மூடநம்பிக்கைக்கு மந்திரமும் மணியோசையும் தேவையில்லை. பேரேடும் பென்சிலும் போதும் என்பதற்கு ஜேசனைவிடச் சான்று வேண்டுமா?

முடிவிலே, ஈஸ்டருக்கு முந்தைய இரவில், பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள் குவென்டின். பிற்சேர்க்கை தரும் கணக்கில் ஏறத்தாழ 7000 டாலர். பெரும்பகுதி அவளுக்கே உரியது. ஷெரீப்பிடம் ஓடுகிறான் ஜேசன். பணம் யாருடையது என்ற ஐயத்தால் அவர் உடன்வர மறுக்கிறார். திருடன், திருட்டுப் போயிற்றென்று கூவுகிறான்!

அந்த வீட்டைத் தாங்கி நிற்பவள் யார்? சமையற்கட்டிலே உழலும் கறுப்பின மூதாட்டி டில்சி. மனவளர்ச்சி குன்றிய பெஞ்சியை, ஊரார் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாது, தன் மக்களின் வழிபாட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். வழிபாட்டிலே நமக்கு உடன்பாடில்லை. ஆனால் வாய்க்கணக்குப் பேசும் ஜேசனுக்கில்லாத மனிதத்தன்மை அவளிடம் இருப்பதை மறுக்கோம்.

ஃபாக்னர்மீது நமக்கொரு குறை உண்டு. மூன்று உடன்பிறந்தார்க்கும் ‘நான்’ என்று பேச இடம் தந்தவர், நான்காம் பகுதியில் டில்சியை வெளியிலிருந்தே காட்டுகிறார். கயவனுக்குக் கிடைத்த வாய், உழைத்தவளுக்குக் கிடைக்கவில்லை. 1949-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற பேனாவும் அந்தச் சமையற்கட்டு வாசலில் நின்றுவிட்டது.

ஆயினும் படியுங்கள், தோழர்களே! இரக்கம் இழந்த அறிவு எந்த முகத்தோடு வரும் என்பதை அறியப் படியுங்கள். கேள்வி கேட்பது மட்டும் பகுத்தறிவன்று. அந்தக் கேள்வியைத் தன்மீதும் திருப்புவதே பகுத்தறிவு. ஜேசன் எல்லோரையும் கேட்டான், தன்னைத் தவிர!