நாளைப் போவார்களின் தீவு

1

குத்தாலம் கடைத்தெருவில் ஆன்டிகுவா என்று சொன்னால் யாருக்கும் புரியாது. விவியன் ரிச்சர்ட்ஸ் ஊர் என்று சொன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவராவது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார். ஆன்டி ராபர்ட்ஸ், ரிச்சி ரிச்சர்ட்சன், ஆம்ப்ரோஸ் எல்லாம் அந்தச் சின்னத் தீவுக்காரர்கள். பிரையன் லாரா 1994இல் 375உம் 2004இல் 400உம் அடித்தது அந்த ஊர் மைதானத்தில்தான். நமக்கும் ஆன்டிகுவாவுக்கும் உள்ள உறவு அவ்வளவே. மேற்கொண்டு ஏதாவது வேண்டுமென்றால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்களின் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதுதான்.

அங்கே மூன்று தலைப்புகள் இருக்கும். புவியியல்: ஆன்டிகுவா, பார்புடா, ஆளில்லாத ரெடோண்டா ஆகிய தீவுகள், மொத்தப் பரப்பு 442 சதுர கிலோமீட்டர், சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது, அடிக்கடி வறட்சி. பொருளாதாரம்: முன்பு கரும்பு, இப்போது சுற்றுலா. அரசாங்கம்: 1981 நவம்பர் 1இல் சுதந்திரம், நாடாளுமன்ற முறை, நாட்டுத் தலைவர் இங்கிலாந்து மன்னர். முடிந்தது ஒரு நாடு.

இந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது. முதலில் நிலம், பிறகு பயிர், பிறகு ஆட்சி. நிலம் இப்படி இருந்ததால் பயிர் இப்படி ஆயிற்று, பயிர் இப்படி ஆனதால் ஆட்சி இப்படி வந்தது என்று இந்த வரிசை வாசகரை நம்பவைக்கிறது. நடந்ததோ தலைகீழ். கரும்பு அந்த மண்ணின் பயிரே அல்ல. ஆட்சி முதலில் வந்தது. அது கரும்பைக் கொண்டுவந்தது. கரும்பு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்தது. கரும்புக்காகக் காடு வெட்டப்பட்ட பிறகுதான் இன்று நாம் படிக்கிற 'புவியியல்' உருவாயிற்று. அதிகாரம் செய்ததை இயற்கையின் கணக்கில் எழுதிவைப்பது இத்தகைய பிரதிகளின் முதல் வேலை.

வெங்கசாமி ராவ் 1883இல் எழுதிய தஞ்சாவூர் மாவட்டக் கையேட்டையும், ஹெமிங்வே 1906இல் தொகுத்த கெஜட்டியரையும் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதே. அங்கேயும் ஆறு, மண், மழை, பயிர் என்று தொடங்கி நில உரிமைக்கு வந்து சேர்வார்கள். 'நெற்களஞ்சியம்' என்ற பெயரும் இந்த வரிசையில் பிறந்த பிள்ளைதான். களஞ்சியத்துக்குச் சாவி யாரிடம் இருந்தது என்று அந்தப் பெயர் சொல்லாது.

2

ஜமைக்கா கின்கெய்ட் ஆன்டிகுவாவில் 1949இல் பிறந்தவர். பதினேழு வயதில் அமெரிக்காவில் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டவர். 1988இல் அவர் எழுதிய 'எ ஸ்மால் பிளேஸ்' என்ற சிறு புத்தகத்தைப் புதுச்சேரி நண்பர் ஒருவர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதியில் படித்தேன். நாட்டைப் பற்றிய தகவல் புத்தகம் எதையெல்லாம் மறைக்கிறதோ அதையெல்லாம் அவர் சுற்றுலாப் பயணியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். புத்தகம் முழுக்க 'நீ' என்ற விளி. நீ விமானத்திலிருந்து இறங்குகிறாய், நீ கடலைப் பார்த்து வியக்கிறாய், நீ குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறதென்று உனக்குத் தெரியாது என்கிற தோரணை. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 கடற்கரைகள் உண்டு என்று அந்த நாடு தன்னை விளம்பரப்படுத்திக்கொள்கிறது. அந்தக் கணக்கில் வராத குடிநீரையும் கக்கூஸையும் பள்ளிக்கூடத்தையும் கின்கெய்ட் எழுதுகிறார்.

நூலகம் ஒன்றும் வருகிறது. 1974 பூகம்பத்தில் சேதமடைந்து, பழுதுபார்க்கப்படும் என்ற பலகையோடு வருஷக்கணக்காகக் கிடந்த பொது நூலகம். இதன் பக்கத்தில் இன்னொரு நூலகத்தை வைத்துப் பார்க்கலாம். ஆன்டிகுவாவில் பெட்டீஸ் ஹோப் என்ற கரும்புப் பண்ணையை 1674 முதல் வைத்திருந்தது காட்ரிங்டன் குடும்பம். அக்குடும்பத்தின் கிறிஸ்டோபர் காட்ரிங்டன் விட்டுச்சென்ற பத்தாயிரம் பவுனில் ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் நூலகம் எழுந்தது. அவர் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கல்லூரி 2020இல்தான் நிறுத்தியது. கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இடிந்த நூலகம், வெட்டவைத்தவர்களின் ஊரில் பளிங்குச் சிலையோடு நூலகம். பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழ் இது வராது.

கின்கெய்டின் கோபம் வெள்ளையரோடு நிற்பதில்லை. தொழிற்சங்கத் தலைவராக எழுந்து வந்த வி. சி. பேர்ட், சுதந்திர நாட்டின் முதல் பிரதமரானார். 1994இல் அவர் இறங்கியதும் மகன் லெஸ்டர் பேர்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்து 2004 வரை இருந்தார். விமான நிலையத்துக்கு அப்பா பெயர். இதைப் படிக்கும்போது நமக்கு யார் யார் ஞாபகம் வருவார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

ஆனால் புத்தகத்தின் கடைசியில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. ஆண்டைத்தனத்தை விட்டெறிந்தால் ஆண்டையும் வெறும் மனிதன், விடுதலையானதும் அடிமையும் வெறும் மனிதன் என்கிற தொனியில் அவர் முடிக்கிறார். அழகான முடிவு. அவசரமான முடிவும்கூட. சட்டம் மனிதரை விடுவித்ததே தவிர நிலத்தை விடுவிக்கவில்லை.

3

1834 ஆகஸ்ட் 1. பிரிட்டிஷ் கரீபியத்தின் மற்ற காலனிகளில் விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் பழைய ஆண்டைக்கே உழைக்கவேண்டும் என்றார்கள். ஆன்டிகுவாவின் பண்ணையார்கள் அது வேண்டாமென்று அன்றே முழு விடுதலை கொடுத்தார்கள். என்ன தாராளம் என்று தோன்றும். அதே ஆண்டில் அவர்கள் ஒப்பந்தச் சட்டம் ஒன்றும் போட்டார்கள். வேலைக்கு ஒப்பந்தம், மீறினால் தண்டனை. குடியிருக்கும் குடிசை பண்ணைக்குச் சொந்தம், வேலையை விட்டால் குடிசையையும் விடவேண்டும்.

தாராளத்துக்குக் காரணம் அந்தத் தீவின் நிலத்தில் இருந்தது. டிரினிடாடிலும் கயானாவிலும் விடுதலையானவர்கள் ஆளில்லாத நிலத்துக்குப் போய்க் குடிசை போட்டுக்கொள்ள முடிந்தது. அங்கே பண்ணைகளுக்கு ஆள் கிடைக்காமல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். ஆன்டிகுவாவில் அப்படிப் பெரிய அளவில் இந்தியர்களை இறக்கத் தேவை வரவில்லை. ஒவ்வொரு அங்குலமும் கரும்பு, ஒவ்வொரு கரும்புக்கும் சொந்தக்காரன். காலை எங்கே வைத்தாலும் பண்ணை. ஓட இடமில்லாதவனுக்குச் சங்கிலி தேவையில்லை என்பது பண்ணையாருக்குத் தெரிந்திருந்தது. லிபெர்ட்டா போன்ற விடுதலைக் கிராமங்கள் பிறகு எழுந்தன, உண்மைதான். ஆனால் அங்கிருந்து கூலிக்குப் போவதற்கும் அதே பண்ணைதான்.

நான் சொல்லவருவது இதுதான். தீவு என்பது நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உழைப்பவனின் இடத்தில் நின்று பார்த்தால் அந்த இலக்கணம் மாறுகிறது. போவதற்கு வேறு இடம் மிச்சம் வைக்கப்படாத நிலமே தீவு. அதைச் சூழ்ந்திருப்பது தண்ணீராக இருக்கலாம், பட்டாவாகவும் இருக்கலாம்.

4

இப்படி வரையறுத்தால் தஞ்சாவூர் ஒரு தீவு. ஆறில்லாத தீவும் ஆற்றால் ஆன தீவும் புவியியல் புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். உழைப்பின் வரைபடத்தில் இரண்டும் ஒன்று. இங்கே காடு கிடையாது, மலை கிடையாது, யாருமற்ற தரிசு கிடையாது. மிராசு, கோயில், மடம் என்று எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது. என் அப்பாயி நடவாள். "வாய்க்காலுக்கு இந்தாண்ட போனாலும் அவங்க வயலு, அந்தாண்ட போனாலும் அவங்க வயலு, எங்கடா போறது?" என்று கேட்பாள். கோட்பாடு என்று நான் மேலே எழுதியதெல்லாம் அவள் கேட்டதன் உரைதான்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமைமுறைக்கான சட்ட ஆதரவை நீக்கியது. அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். 1952இல்தான் தஞ்சைக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1971இல் குடியிருப்பு மனையை உழைப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1971 வரை அவன் குடிசை நின்ற மண் ஆண்டையின் மண் என்பதை இந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆன்டிகுவாவின் 1834 ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

தமிழ் படித்தவன் என்பதால் இதை இலக்கியத்தில் தேடினேன். மருதம் என்றால் ஊடல் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வயல் அங்கே தலைவனின் செல்வத்துக்குச் சாட்சி, வயலில் இருப்பவர்கள் கருப்பொருள். நீரும் நெல்லும் எருமையும் உழவரும் ஒரே பட்டியலில். முதல், கரு, உரி என்பதும் புவியியல், பொருளாதாரம், அரசாங்கம் என்பதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு பட்டியலிலும் உழைப்பவன் நிற்கிற இடம் ஒன்று.

விதிவிலக்காக ஒரு பிரதி இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. பெரியபுராணத்தின் திருநாளைப்போவாருக்குத் தடையாக ஆண்டை யாரும் இல்லை. தன் பிறப்பை நினைத்து அவரே தயங்கி 'நாளை' என்கிறார். மாயூரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதிதான் 19ஆம் நூற்றாண்டில் நந்தனுக்கு ஒரு வேதிய ஆண்டையைக் கொண்டுவந்தார். நாற்பது வேலியையும் முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறான் அந்த ஆண்டை. பாரதி பக்திக்காகத்தான் எழுதினார், கடைசியில் தெய்வமே பயிரை முடித்துக்கொடுத்துப் பிரச்சினையைக் கரைத்துவிடுகிறது. இருந்தாலும் அவரையும் மீறி ஒன்று பிரதிக்குள் வந்துவிட்டது. நந்தன் கேட்பது கூலி இல்லை, நிலம் இல்லை. போகக் கேட்கிறான். தீவுக்காரன் கேட்கக்கூடிய முதல் கேள்வி அது.

அதே காலத்தில் இங்கிருந்து கிழக்கே, பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலில் கப்பல்கள் நின்றன. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பிரிட்டிஷ் இந்தியாவிலும் பிரெஞ்சுக்காரர்கள் ஆள் பிடிக்கலாம் என்றானது. ஆன்டிகுவாவுக்குத் தெற்கே இருக்கும் குவாதலூப் தீவுக்கு மட்டும் 1854 முதல் 1880களின் இறுதி வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நெல் தீவிலிருந்து கரும்புத் தீவுக்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கே அரசியல் உரிமை உண்டா என்பதற்கே ஆன்ரி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காட வேண்டியிருந்தது. ஏமாற்றப்பட்டுப் போனார்கள் என்று எழுதுவது வழக்கம். ஏமாற்று நடந்ததில் சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால், போகத் துடித்தவனின் துடிப்பை அழித்துவிடுகிறோம். தில்லைக்குப் போகமுடியாத நந்தன்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள்.

5

நிறமும் சாதியும் ஒன்றா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒன்றில்லை. காட்ரிங்டன்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் உட்கார்ந்து கணக்கு வாங்கினார்கள். நம்முடைய ஆண்டை பக்கத்துத் தெருவில் இருந்தார், அவருடைய கடவுளும் அதே தெருவில் இருந்தார். கப்பலில் கொண்டுவரப்பட்டவனுக்கு இது என் ஊரல்ல என்ற நினைவாவது இருந்தது. இங்கே இதுதான் உன் பிறவி என்று சொல்லப்பட்டது. வேறுபாடுகளை அழிப்பதற்காக இரண்டையும் சேர்த்துவைக்கவில்லை. 'எங்க தஞ்சாவூர் மண்ணு' என்று உருகுகிற எழுத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளத்தான் சேர்த்துவைக்கிறேன். நவக்கிரகச் சுற்றுலா வேன்களில் குத்தாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பச்சையைப் பார்த்து வியக்கிறார்கள். தஞ்சை எழுத்தில் கணிசமான பகுதி அந்த வேனுக்குள் இருந்து எழுதப்பட்டது. கின்கெய்டின் 'நீ' நம்மையும் சுட்டும்.

இன்று போக வழி இருக்கிறது. திருப்பூருக்கு, சென்னைக்கு, வளைகுடாவுக்கு. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் டெல்டாவில் நாற்று நடுகிறார்கள். ஆனால் கேள்வியின் மறுபாதி இப்போதுதான் தெரிகிறது. பார்புடாவில், காட்ரிங்டன் குத்தகை 1870இல் முடிந்த பிறகு, மக்கள் நிலத்தைத் துண்டுபோடாமல் பொதுவில் வைத்திருந்தார்கள். 2007இல் அதற்குச் சட்டமும் வந்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்து, தீவு முழுவதையும் காலிசெய்தார்கள். மக்கள் முகாமில் இருந்த நேரத்திலேயே அரசாங்கம் அந்தச் சட்டத்தைக் கலைக்கத் தொடங்கியது. எதிர்த்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 2022இல் மக்களுக்கு எதிராக முடிந்தது. அவர்கள் கேட்டது போக அல்ல, இருக்க.

நந்தன் போகக் கேட்டான், பார்புடாக்காரர்கள் இருக்கக் கேட்கிறார்கள். இரண்டையும் யாரிடமும் கேட்காமல் செய்யமுடிகிற நாளில்தான் தீவு நிலமாகும். அதுவரைக்கும் விடுதலைச் சட்டங்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதலாம்.

எங்கள் வீடு நிற்கிற அடிமனை ஒரு கோயிலுக்குச் சொந்தம். சுவர் எங்களுடையது, மண் சாமியுடையது. போன மாதம் வாடகை கட்டி ரசீது வாங்கிவந்தேன். இத்தனை சதுர அடி, இத்தனை ரூபாய், கீழே அலுவலரின் கையெழுத்து. பொது அறிவுப் புத்தகத்தில் பார்த்த அதே மூன்று தலைப்புகள்.