ஒருவர் காதுக்கான பேச்சு

தமிழில் இன்று பாட்காஸ்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அன்றாட அரசியல், தன்னம்பிக்கை, சாதி, மணவாழ்க்கை, முதலீடு என்று எதைத் தேடினாலும் யாரோ இருவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முழுதாகக் கேட்டு முடித்த பின்னும் அந்தக் குரலோடு மனம் பேசிக்கொண்டிருக்கும்படி செய்பவை மிகச் சில. பேசுபவரின் படிப்போ, ஒலிப்பதிவின் துல்லியமோ அந்தச் சிலவற்றைத் தனித்துக் காட்டுவதாக நான் நினைக்கவில்லை. கேட்பவர் ஒருவர்தான், அவருக்கும் விஷயம் தெரியும் என்ற நினைப்போடு ஒருவர் பேசுகிறாரா, அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதுதான் வித்தியாசம். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை நீளும் மன்னார் வளைகுடாக் கரையில் இந்த இரண்டு வகைப் பேச்சுக்கும் தெளிவான வரலாறு இருக்கிறது. அதனால் அந்தக் கரையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

கூட்டத்துக்கான பேச்சு அதன் உச்சங்களில் ஒன்றை எட்டியது தூத்துக்குடியில்தான். 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் தொடர்ந்து பேசினார்கள். பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் பணிந்தது. மார்ச் 12இல் தலைவர்கள் கைதானதும் மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுச் சிறையும் விதித்தார். சுதேசிக் கப்பல் விட்டதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் வழியில்லை. பேசியதற்காக அனுப்ப வழி இருந்தது. தமிழ் மேடைப் பேச்சை வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அமெரிக்க மானிடவியலர் பெர்னார்ட் பேட், கிறித்தவப் பிரசங்கத்தில் தொடங்கி அரசியல் மேடைக்கு வந்த அந்தக் கலையின் வரலாற்றில் சுதேசிக் காலத் தூத்துக்குடிக்கு முக்கிய இடம் கொடுக்கிறார். ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஆயிரக்கணக்கானோருக்கு எட்ட வேண்டிய குரல் அது. அதில் மூச்சு நீள வேண்டும், சொல் அடுக்க வேண்டும், தயக்கம் தெரியக் கூடாது. பின்னால் வந்த திராவிட இயக்க மேடைகள் அதற்குச் செந்தமிழ் மெருகேற்றின. அந்த அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு என்றாலே மேடைதான் என்ற எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டதென்றால், இன்று படுக்கையில் சாய்ந்தபடி காதுக்கருவியில் கேட்கிறவரிடமும் பலர் மேடையில் நின்றுதான் பேசுகிறார்கள்.

ஒலிவாங்கிக்கு வேறு பேச்சு வேண்டும் என்பதை இந்தக் கரைக்குக் கற்றுக்கொடுத்தது வானொலி. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி வந்தது; மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்ற பெயர்கள் தென்தமிழ்நாட்டு வீடுகளில் உறவுக்காரர் பெயர்கள்போலப் புழங்கின. அவர்கள் பெரும்பாலும் திரைப்பாடல்களைச் சுற்றித்தான் பேசினார்கள் என்றாலும், நேயரை ஆள் ஆளாக நினைத்து அழைக்கும் நயம் அவர்களிடம் இருந்தது. இந்தப் பக்கம் திருநெல்வேலி வானொலி நிலையம் இருந்தது. அதன் பண்ணை ஒலிபரப்பில் பழகித்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன் பிறகு சென்னை நிலையத்துக்குப் போய் ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்தவரானார். அவர் வேளாண்மை படித்தவர் என்பதும், உழவருக்கான நிகழ்ச்சியில் தேறியவர் என்பதும் என் கண்ணில் முக்கியமான செய்திகள். 1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றிப் பேசிப் பேசி, தஞ்சைப் பக்கம் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. கேட்பவர் மறுநாள் வயலில் இறங்கிச் செய்து பார்க்கப்போகும் பேச்சில் அலங்காரத்துக்கு இடமிருக்காது. தென்கச்சியாரின் சில நிமிடப் பேச்சுகளில் அந்தச் சிக்கனம் இருந்தது. கனமான விஷயத்தை அவசரப்படாத குரலில் தொடங்குவார், ஒரு கதையில் முடிப்பார். கதை சிரிப்பாக இருந்தாலும் அவர் குரல் சிரிக்காது. சிரிப்பதா, யோசிப்பதா என்பதைக் கேட்பவரிடமே விட்டுவிடுவார். தமிழில் ஒருவர் காதுக்குப் பேசக் கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இந்தப் பாடத்தை இன்னொரு படி மேலே கொண்டுபோனது, 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4. மீனவருக்காக மீனவச் சமூகத்திலிருந்தே வந்தவர்கள் பேசும் சமுதாய வானொலி அது. சமுதாய வானொலியின் அலை சில கிலோமீட்டருக்குமேல் போகாது. அந்தச் சிறிய வட்டம்தான் அதன் பலம் என்பேன். காற்றும் அலையும் எப்படி இருக்கும், அரசு உதவியை எப்படிப் பெறுவது, கடல் ஏன் சூடாகிறது, பவளப்பாறை ஏன் வெளுக்கிறது, மீனவர்களின் அம்பாப் பாட்டு எப்படி இருந்தது என்று அங்கே பேசப்படும் விஷயங்களை வெளியூர்ப் பாட்காஸ்ட் ஒன்றும் எடுத்துப் பேசலாம். ஆனால் பாம்பனில் பேசுகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: கடலைப் பற்றி அவரைவிடக் கேட்பவருக்கு அதிகம் தெரியும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் தனித்தனியாக அறிந்தவர், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வலையின் கனத்திலேயே உணர்கிறவர் அந்தப் பக்கம் இருக்கிறார். அவரிடம் பொத்தாம்பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது. 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தபோதும், 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தபோதும் அதன் சுமையைத் தாங்கியவர்கள் இந்தக் கரைக்காரர்கள். தீவோரம் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அவர்களில் முக்கியமானவர்கள். ‘கடலைக் காப்போம்’ என்று அவர்களிடம் மேடைக் குரலில் சொன்னால் வானொலிப் பெட்டியை அணைத்துவிடுவார்கள். விலை கொடுப்பவர் யார் என்று தெரிந்து, அவர் கோபத்துக்கும் இடம் கொடுத்துத்தான் பேச முடியும். தன்னைவிட விஷயம் தெரிந்தவரிடம் பேசும்போது வருகிற அந்த அடக்கமும் துல்லியமும்தான் பேச்சு ஒலியின் தலையாய அழகு என்று எனக்குத் தோன்றுகிறது.

நடப்புச் செய்திகளைப் பேசும் பாட்காஸ்ட்டுகளை இந்த அளவுகோலால் அளந்தால் படம் தெளிவாகும். தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு கட்டங்களில் நான்கு முகங்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. கேட்பவர் எதையும் தெரிந்துகொள்ள அங்கே வழியில்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் பலர் விகடனின் ‘இம்பர்ஃபெக்ட் ஷோ’ போன்றவற்றுக்கு வந்தார்கள். அன்றைய செய்தியைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் தொனி அதில் இருக்கிறது. கிண்டல் சில நாள் விஷயத்தை முந்திக்கொள்கிறது என்றாலும், கேட்பவரைத் தங்களுக்குச் சமமாக உட்கார வைக்கிறார்கள். இதைவிடக் கடினமான வேலை ஸ்டெர்லைட் தாமிர ஆலை போன்ற விஷயத்தைப் பேசுவது. ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. ஆலையை மீண்டும் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. நச்சுக் காற்று என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர்களும், மூடியதால் லாரி ஓட்டத்தையும் ஒப்பந்த வேலையையும் இழந்தவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இறந்தவர்களுக்கான நீதியில் சமரசம் கிடையாது என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டே, வேலை போனவரின் கணக்கையும் பொறுமையாகக் கேட்க ஒரு மணி நேரப் பேச்சால் முடியும். நேரம் இருக்கிறது, முகம் பார்த்து முறைக்க எதிராளி இல்லை, இடைவெளியில் விளம்பரக் கூச்சல் இல்லை. இத்தனை வசதி இருந்தும் அந்தப் பேச்சு இன்னும் போதிய அளவு நடக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

குரல் நம்பவைக்கும் கருவி, அதனாலேயே ஆபத்தானது என்ற மறுப்பு இங்கே வரும். நியாயமான மறுப்புதான், இதே மாவட்டத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது, ஒருவர் உணர்ச்சி பொங்க ஆங்கிலத்தில் விவரித்த காணொளி நாடு முழுவதும் பரவியது. அதுவரை திரும்பிப் பார்க்காதவர்களைத் திரும்ப வைத்தது. பிறகு அதில் மிகை இருப்பதாக சிபிசிஐடி கூற, அது நீக்கப்பட்டது. ஆனால் அந்த வழக்கைத் தாங்கி நின்றது இன்னொரு குரல். அவர்கள் அடிபட்ட இரவில் காவல் நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள் என்பதையும், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததையும் நடுவரிடம் சொன்னார். எங்கே நின்றோம், எதைப் பார்த்தோம் என்ற அளவில் நின்ற சொற்கள் அவை. குரலின் ஆபத்துக்குக் குரலை விட்டு விலகுவது மருந்தாகாது. பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, ஊகித்தது எது என்று பேச்சுக்குள்ளேயே பிரித்துக் காட்டுகிற ஒழுக்கம் வேண்டும். நல்ல பாட்காஸ்ட்டுக்காரர் ‘இது எனக்குச் சொல்லப்பட்டது’ என்று சொல்லும் இடத்தில் அவர் மேல் நம் நம்பிக்கை கூடுகிறது.

தன்னம்பிக்கைப் பேச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ். உதயமூர்த்தி ‘எண்ணங்கள்’ எழுதிய காலத்திலிருந்து தமிழருக்கு இந்த வகையில் உண்மையான பசி உண்டு. படித்த முதல் தலைமுறைக்கு வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லாத குறையை அவை ஓரளவு நிரப்பின. அதை எள்ளிப் பேசுவது சரியல்ல. ஆனால் ‘உன்னால் முடியும்’ என்பதை யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் எல்லாரிடமும் சொன்னால் அது யாரிடமும் சொன்னதாக ஆகாது. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிக்கு மூட்டை ஏற்றுகிற இளைஞரின் தடை அதிகாலையில் எழாத சோம்பல் இல்லை என்பதை உணர்ந்த வழிகாட்டிப் பேச்சு அரிதாகத்தான் கிடைக்கிறது.

வட்டார மொழியில் பேசினால் மற்ற ஊர்க்காரருக்குப் புரியாது, நேயர் குறைவார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. தூத்துக்குடி மாவட்டம் தமிழ் இலக்கியத்துக்குக் கொடுத்ததை நினைத்தால் இந்த வாதம் நிற்காது. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சையே எழுத்தாக்கினார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தூத்துக்குடித் துறைமுகத்தின் கதையான ‘கொற்கை’யை ஜோ டி குரூஸ் பரதவர் பேச்சோடு எழுதினார், 2013இல் அதற்கும் அதே விருது வந்தது. மதுரையிலும் கோவையிலும் இருந்தவர்கள் அவற்றைப் படித்தார்கள். அச்சில் தடையாக இல்லாத மொழி, ஏற்ற இறக்கம் கூடவே வரும் ஒலியில் இன்னும் எளிதாகப் புரியும். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, பாதி ஆங்கிலம் கலந்த நகரப் பொதுப்பேச்சுதான் பல பாட்காஸ்ட்டுகளை ஒன்றுபோல ஒலிக்க வைக்கிறது.

எல்லாம் யூடியூபுக்குப் போய்விட்டது, இனி ஒலி மட்டும் யாருக்கு வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழில் பாட்காஸ்ட் என்றாலே இரண்டு நாற்காலி, இரண்டு பெரிய ஒலிவாங்கி, மேலே வெளிச்சம் என்று ஆகியிருப்பது உண்மை. முகம் தெரிந்ததும் மேடை திரும்பி வந்துவிடுகிறது. விருந்தினர் கேமராவுக்குச் சிரிக்கிறார், துண்டுக் காணொளிக்கு ஏற்ற வாக்கியமாகப் பார்த்துச் சொல்கிறார். அதைவிட, உழைக்கிறவரின் கண்ணுக்கு ஓய்வில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் உப்பு வாருகிறவர் திரையைப் பார்க்க முடியாது. வலை முடைகிறவரும், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவரும் பார்க்க முடியாது. காது மட்டும்தான் அவர்களிடம் சும்மா இருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு தொடர் செய்ய நினைப்பவருக்கு நாள்கூடக் குறித்துக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகோட்டிகளும், எஞ்சின் மெக்கானிக்குகளும், ஐஸ் ஏற்றுகிறவர்களும் கரையில்தான் இருப்பார்கள். சங்குகுளிப்பவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் உடன் சேர்த்து ஒருவரிடம் ஒரு மணி நேரம் என்று பதிவு செய்யலாம். கைப்பேசியும் சட்டையில் செருகும் ஒரு சிறு ஒலிவாங்கியும் அதற்குப் போதும்.