ஒலிப்பதிவுக் கூடத்தில் கருத்து வேறுபாடு: 1962ஆம் ஆண்டின் பீட்டில்ஸ் பதிவு அமர்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அனுபவம் குறைந்த இசைக்குழு ஒன்று ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் நுழையும்போது, இசை குறித்த முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற வினா எழுகிறது. 1962இல் இலண்டன் ஆபி ரோடு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவுக்கும் இ.எம்.ஐ. நிறுவனப் பதிவாளர்களுக்கும் இடையே தோன்றிய கருத்து வேறுபாடுகளையும் அவை பின்னர் விவரிக்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெருந்தன்மையுள்ள தயாரிப்பாளர் இளைஞர்களின் மேதைமைக்கு வழிவிட்டார் என்ற பரவலான விவரிப்பு முழுமையற்றது என்பதும், வேறுபாட்டைத் தீர்த்த வழிமுறையே ஆய்வுக்குரியது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஒலிப்பதிவு, பாடவேறுபாடு, பீட்டில்ஸ், ஜார்ஜ் மார்ட்டின், நார்மன் ஸ்மித், அதிகாரம்

முன்னுரை

சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு என்பது ஒரு பிரதியின் வரலாற்றைக் காட்டும் தடயம். ஒரு சொல் இரு சுவடிகளில் இரு வடிவங்களில் நிற்குமாயின், அவ்விரண்டுக்கும் பின்னால் இரு கைகளும் இரு கருத்துகளும் உண்டு. ஒலிப்பதிவையும் இவ்வாறு அணுக இயலும். பீட்டில்ஸ் குழுவின் முதல் தனித்தட்டுப் பாடலான ‘லவ் மீ டூ’, 1962 ஜூன் 6, செப்டம்பர் 4, செப்டம்பர் 11 ஆகிய மூன்று நாள்களில் மூன்று வெவ்வேறு டிரம்ஸ் கலைஞர்களுடன் பதிவு செய்யப்பட்டது. மூன்று பதிவுகளும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. பதிவாளர் தரப்புக்கும் குழுவுக்கும் இடையிலான பிணக்கின் பாடவேறுபாடுகளாக இவற்றைக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

கூடத்தின் அதிகார அடுக்கு

அக்கால இ.எம்.ஐ. கூடத்தில் பணிப்பிரிவு தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. எந்தப் பாடலை யார், எப்படி இசைப்பது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்வார். ஒலிச்சமன் பொறியாளர் ஒலிவாங்கிகளை அமைத்து ஒலியளவை ஒழுங்குபடுத்துவார். தொழில்நுட்பப் பணியாளர்கள் வெள்ளை மேலங்கி அணிந்திருந்தனர். கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் பேசுவதும் கீழே இசைப்போர் கேட்பதுமே வழக்கம். லிவர்பூல், ஹாம்பர்க் நகரங்களின் இரவு விடுதிகளில் நெடுநேரம் வாசித்துப் பழகிய பீட்டில்ஸ் குழுவுக்கு மேடை அனுபவம் மிகுதி. ஆனால் கூடத்தின் ஒழுங்கு அவர்களுக்குப் புதிது.

ஜூன் 6 அமர்வில் முதலில் எழுந்த சிக்கல் கருவிகளைப் பற்றியது. பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டாருக்குரிய ஆம்ப்ளிஃபையர் பதிவுக்கு ஏற்ற ஒலியைத் தரவில்லை. பொறியாளர் நார்மன் ஸ்மித்தும் தொழில்நுட்பப் பணியாளர் கென் டவுன்சென்டும் எதிரொலி அறையிலிருந்த ஒலிபெருக்கியைக் கொண்டு மாற்று ஏற்பாடு செய்தனர். குறை களையப்பட்டது, யாரும் சிறுமைப்படவில்லை. பதிவுக்குப் பின் ஜார்ஜ் மார்ட்டின் குழுவினரைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, பதிவுக் கலைஞர்களாவதற்கு அவர்கள் செய்யவேண்டியவற்றை நீண்ட நேரம் எடுத்துரைத்தார். உங்களுக்குப் பிடிக்காதது ஏதும் உண்டா என்று அவர் கேட்டபோது, உங்கள் கழுத்துப்பட்டி எனக்குப் பிடிக்கவில்லை என்று ஜார்ஜ் ஹாரிசன் விடை கூறினார். இந்நிகழ்வு பலராலும் நகைச்சுவையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. மறுத்துப் பேசும் உரிமை தங்களுக்கும் உண்டு என்பதைக் குழு உணர்த்திய முதல் தருணம் இது என்பதே அதன் பொருள்.

பாடல் தேர்வு: இரண்டையும் பதிதல்

செப்டம்பர் 4 அமர்வுக்கு மார்ட்டின் தேர்ந்தெடுத்த பாடல் மிட்ச் மர்ரே எழுதிய ‘ஹவ் டூ யூ டூ இட்’. வெற்றி பெறும் என்று அவர் உறுதியாக நம்பினார். குழுவோ தம் சொந்தப் பாடலையே விரும்பியது. இப்பாடலோடு ஊர் திரும்பினால் லிவர்பூலில் தலைகாட்ட முடியாது என்பது அவர்கள் தரப்பு வாதம். இருப்பினும் அவர்கள் அமர்வைப் புறக்கணிக்கவில்லை. மர்ரேயின் பாடலைத் தம் முறையில் மாற்றியமைத்துப் பதிவு செய்தனர். அன்றே ‘லவ் மீ டூ’வும் பதிவாயிற்று. இவ்வாறு விவாதம் சொல்லளவில் நில்லாமல், செவியால் ஒப்பிடத்தக்க இரு பதிவுகளாக மாறியது. இறுதியில் 1962 அக்டோபர் 5 அன்று ‘லவ் மீ டூ’ வெளிவந்து பிரித்தானியப் பட்டியலில் 17ஆம் இடம் வரை சென்றது.

இங்கு இரு திருத்தங்கள் தேவை. முதலாவதாக, மார்ட்டினின் கணிப்பு தவறன்று. அதே பாடலை ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழுவைக் கொண்டு அவர் பதிவு செய்ய, 1963இல் அது முதலிடம் பெற்றது. எனவே ‘இளைஞர் சரி, முதியவர் தவறு’ என்ற எளிய முரண் இங்குப் பொருந்தாது. வணிக நோக்கில் அவர் சரி. தம் அடையாளம் குறித்து அவர்கள் சரி. இரண்டாவதாக, இம்முடிவு கூடத்திற்குள் மட்டும் எடுக்கப்பட்டதன்று. மார்க் லூயிசன் 2013இல் வெளியிட்ட ‘டியூன் இன்’ என்னும் நூல், இ.எம்.ஐ. சார்ந்த ஆர்ட்மோர் அண்ட் பீச்வுட் பதிப்பகம் லெனன், மெக்கார்ட்னி பாடல்களில் கொண்டிருந்த ஆர்வத்தையும், குழுவின் பதிவு குறித்து மர்ரேக்கு இருந்த அதிருப்தியையும் எடுத்துக்காட்டுகிறது. தயாரிப்பாளரின் பெருந்தன்மையை ஒற்றைக் காரணமாக்கும் விவரிப்பு, பதிப்புரிமை சார்ந்த பொருளியல் நலன்களை மறைத்துவிடுகிறது.

டிரம்ஸ்: உரையாடல் நிகழாத முடிவு

பாடல் தேர்வில் இருந்த திறந்த தன்மை டிரம்ஸ் குறித்த முடிவில் இல்லை. ஜூன் அமர்வில் வாசித்த பீட் பெஸ்ட்டின் திறன் பதிவுக்குப் போதாது என்று மார்ட்டின் கருதினார். ஆகஸ்டில் குழு அவரை நீக்கி ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது. செப்டம்பர் 4 பதிவில் ஸ்டார் வாசித்தார். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று அவர் கூடத்திற்கு வந்தபோது, ஆண்டி ஒயிட் என்னும் தொழில்முறைக் கலைஞர் டிரம்ஸ் வாசிக்க அமர்த்தப்பட்டிருந்தார். அன்றைய அமர்வைப் பெரிதும் நடத்தியவர் மார்ட்டினின் உதவியாளர் ரான் ரிச்சர்ட்ஸ். ஸ்டாருக்கு ‘லவ் மீ டூ’வில் டாம்பரினும் ‘பி.எஸ். ஐ லவ் யூ’வில் மாரக்கஸும் கிடைத்தன.

இம்முடிவுக்குத் தொழில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஸ்டாரிடம் முன்கூட்டிப் பேசப்படவில்லை. தம் வாசிப்பைச் செவ்விதாக்கும் வாய்ப்பும் அவருக்குத் தரப்படவில்லை. பாடலாசிரியர் இருவருக்குக் கிடைத்த வாதிடும் வெளி, குழுவில் புதியவரான அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வடு நெடுங்காலம் நீடித்ததையும் மார்ட்டின் தம்மிடம் பலமுறை வருத்தம் தெரிவித்ததையும் ஸ்டாரே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். இப்பிணக்கின் தடயம் வெளியீட்டிலும் எஞ்சியுள்ளது. தொடக்கத்தில் அச்சான தனித்தட்டில் ஸ்டாரின் வாசிப்பும், 1963இன் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ இசைத்தொகுப்பில் ஒயிட்டின் வாசிப்பும் உள்ளன. டாம்பரின் ஒலித்தால் அது ஒயிட்டின் பதிவு. ஒருவர் ஓரங்கட்டப்பட்டதற்கான சான்றே இன்று பாடவேறுபாட்டை இனங்காணும் அடையாளமாயிற்று.

வேகம்: அறிவுரை ஏற்கப்பட்ட இடம்

‘பிளீஸ் பிளீஸ் மீ’ பாடலைக் குழு முதலில் மெதுவான நடையில் அமைத்திருந்தது. நடையை விரைவுபடுத்துமாறு மார்ட்டின் கூறினார். குழு ஏற்று, நவம்பர் 26 அன்று புதிய வடிவில் பதிவு செய்தது. அப்பாடல் 1963இன் தொடக்கத்தில் பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் அடைந்தது.

பதிவாளர் குழுவின் விருப்பத்திற்கே பணிய வேண்டும் என்ற எதிர்நிலையை இவ்விடத்தில் ஒப்பிடலாம். ஸ்டீவ் ஆல்பினி 1992இல் நிர்வாணா குழுவுக்கு எழுதிய கடிதத்தில் உரிமப்பங்கை மறுத்து, குழாய் பழுதுபார்ப்பவரைப் போலச் செய்த வேலைக்குக் கூலி பெறவே விரும்புவதாகத் தெரிவித்தார். சுரண்டல் மிகுந்த இசைத்தொழிலில் அறம் சார்ந்த நிலைப்பாடு இது. எனினும் நிர்வாணா அப்போது உலகப்புகழ் பெற்ற குழு. முதல் தட்டுக்காகக் காத்திருந்த 1962இன் குழுவிடம் முழுப் பணிவைக் கடைப்பிடித்திருந்தால், ‘பிளீஸ் பிளீஸ் மீ’ மெதுவான பாடலாகவே நின்றிருக்கக்கூடும். கற்கும் நிலையிலுள்ளோர் முன் மௌனம் காப்பதும் ஒருவகைக் கைவிடலே.

முடிவுரை

1. நான்கு பிணக்குகள் நான்கு வழிகளில் தீர்ந்தன: கருவிக்குறை செயலாலும், பாடல் தேர்வு பதிவுகளை ஒப்பிட்டும் புறநலன்களாலும், டிரம்ஸ் அறிவிப்பில்லா ஆணையாலும், வேகம் அறிவுரையாலும் முடிவுற்றன.

2. பதிவாளர் சொன்னது சரியா தவறா என்பது இவ்வழிகளை மதிப்பிடும் அளவுகோல் ஆகாது. எதிர்த்தரப்புக்குச் செவியால் சோதிக்கும் வாய்ப்புக் கிட்டியதா என்பதே உரிய அளவுகோல். ஸ்டாருக்கு அது கிட்டவில்லை.

3. ‘இசைக்குழு’ என்பது ஒற்றைத் தரப்பன்று. பதிவாளர் குழுவுக்கு இணங்கினார் என்று கூறும்போது, குழுவுக்குள் யாருக்கு இணங்கினார் என்றும் கேட்க வேண்டும்.

வென்ற பதிவையே இறுதிப் பிரதியாகக் கொள்ளும் இசைத்திறனாய்வு, சிறந்த பாடத்தை மட்டும் அச்சிட்டு அடிக்குறிப்பை விட்டுவிடும் பதிப்புக்கு ஒப்பானது. கைவிடப்பட்ட பதிவுகளையும் உடன்வைத்துப் படிக்கும்போதுதான், கூடத்தில் யார் பேசினர், யாருக்குப் பேச இடமில்லை என்பது புலப்படும்.